'கெட்' என்கிற வினை: அடுத்து என்ன சொல் வருகிறது என்று பாருங்கள்

ஆங்கில அகராதியைத் திறந்து 'கெட்' என்ற வினைக்குப் பொருள் தேடினால் பக்கம் பக்கமாக வரும். பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், கொண்டு வா, புரிந்துகொள், நோய் தொற்று என்று முடிவே இருக்காது. அதை மனப்பாடம் செய்வது வீண் வேலை. தனியாக நின்றால் இந்த வினைக்குப் பொருளே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தப்பில்லை. அடுத்து எந்த வகைச் சொல் வருகிறது என்று பார்த்தால் போதும்.

பெயர்ச்சொல் வந்தால் ஏதோ ஒன்று கைக்கு வருகிறது. பெயரடை வந்தால் நிலை மாறுகிறது. இடம் வந்தால் அங்கே போய்ச் சேர்கிறோம். பள்ளிக்கூடத்தில் 'கோ, வெண்ட், கான்' என்று ஒப்பித்தோமே, அந்த வரிசையின் மூன்றாம் வடிவம் வந்தால் நமக்கு ஏதோ நேர்கிறது. ஓர் ஆளும் அவருக்குப் பின்னால் 'டு'வும் ஒரு வினையும் வந்தால், அந்த ஆளை ஏதோ செய்ய வைக்கிறோம். பேச்சில் காதில் விழும் 'கெட்'களில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

ஐந்துக்கும் பொதுவான விஷயம், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது. 'ஐ ஆம் டயர்ட்' என்றால் களைப்பாக இருக்கிறேன். 'ஐ கெட் டயர்ட்' என்றால் களைத்துப் போகிறேன். 'ஹி இஸ் மேரிட்' என்றால் கல்யாணம் ஆனவர். 'ஹி காட் மேரிட்' என்றால் கல்யாணம் நடந்தது. ஆம், இஸ், ஆர் என்ற 'பி' குடும்பத்து வினைகள் இருப்பதைச் சொல்கின்றன, 'கெட்' ஆவதைச் சொல்கிறது.

'எனக்கு' எங்கே போகிறது

தமிழர்களுக்கு இந்த வினையில் வரும் சிக்கலில் பாதி, 'எனக்கு' என்ற சொல்லால் வருவது. "எனக்கு வேலை கிடைத்தது" என்ற வாக்கியத்தில் வேலைதான் எழுவாய். நான் 'கு' உருபோடு ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய்: 'ஐ காட் எ ஜாப்'. தமிழில் கிடைத்தது, வந்தது, பிடித்தது, புரிந்தது என்று வெவ்வேறு வினைகள் செய்கிற வேலையை அங்கே இந்த ஒன்றே செய்துவிடும். எனக்குக் கடிதம் வந்தது, 'ஐ காட் எ லெட்டர்'. எனக்குச் சளி பிடித்தது, 'ஐ காட் எ கோல்ட்'. எனக்குக் கோபம் வந்தது, 'ஐ காட் ஆங்ரி'. எனக்குப் புரிந்தது, 'ஐ காட் இட்'.

இந்தத் திருப்பத்தைச் செய்யாமல் வார்த்தைக்கு வார்த்தை போனால் 'டிக்கெட் இஸ் நாட் கெட்டிங்' என்பது போன்ற வாக்கியம் பிறக்கிறது. "டிக்கெட் கிடைக்கலை" என்பதன் நிழல் அது. ஆங்கிலக் காதுக்கு, டிக்கெட் எதையோ வாங்க முயன்று தோற்றுப்போனது போலிருக்கும். 'ஐ குடன்ட் கெட் எ டிக்கெட்' என்று ஆளை முன்னால் கொண்டு வர வேண்டும். குறிப்பிட்ட ஆள் யாரும் இல்லையென்றால் 'யூ' போடுங்கள். "அந்தக் கடையில் கிடைக்கும்" என்பதற்கு 'யூ கேன் கெட் இட் இன் தட் ஷாப்'. இங்கே 'யூ' என்றால் நீங்கள் அல்ல, யார் வேண்டுமானாலும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தத் திருப்பம் காலை வாரும். "எனக்கு லேட் ஆயிடுச்சு" என்பதை 'ஐ காட் லேட்' என்று சொல்கிறோம். இந்தியாவில் எல்லோரும் சொல்வதால் நமக்கு உறுத்துவதில்லை, ஆனால் வெளியே செல்லாது. தாமதமாக வந்து நின்றால் 'சாரி ஐம் லேட்'. வழியில் ஏதோ தடுத்துவிட்டது என்றால் 'ஐ காட் ஹெல்ட் அப்'. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, கிளம்பலாம் என்று சொல்ல 'இட்ஸ் கெட்டிங் லேட்'. பொழுதுக்கு 'கெட்டிங் லேட்' சரி. ஆளுக்குத்தான் 'காட் லேட்' சரிப்படாது.

வாங்குதல், எடுத்து வருதல், புரிதல்

தமிழில் 'கெட்'டுக்கு மிக நெருங்கிய சொந்தம் 'வாங்கு'. இரண்டுமே காசு கொடுத்து வாங்குவதையும் சொல்லும், சும்மா கைக்கு வருவதையும் சொல்லும். "இந்தச் சட்டை எங்க வாங்கின?" என்று நாம் கேட்பது போலத்தான் 'வேர் டிட் யூ கெட் தட் ஷர்ட்?'. கடையா, பரிசா என்பதைக் கேள்வி தொடவில்லை. 'பை' போட்டால் காசு கட்டாயம் உள்ளே வந்துவிடும். பரீட்சையில் 90 வாங்கினான், 'ஹி காட் 90'. சம்பளம் வாங்குகிறாள், திட்டு வாங்கினான், எல்லாவற்றுக்கும் இந்த வினை பொருந்தும்.

எடுத்து வந்து தருவதற்கும் இதுவே. 'கெட் மீ எ காஃபி' என்பதில் முதலில் ஆள், பிறகு பொருள். வரிசையை மாற்றினால் நடுவில் 'ஃபார்' வர வேண்டும்: 'கெட் எ காஃபி ஃபார் மீ'. 'கெட் எ காஃபி டு மீ' என்று பலர் சொல்வது 'கிவ்' வினையின் பழக்கத்தில் வருகிறது. 'கிவ்' ஒருவர் கையில் கொடுப்பது, அதனால் 'டு'. 'கெட்' ஒருவருக்காகப் போய் எடுத்து வருவது, அதனால் 'ஃபார்'.

வாசலில் மணி அடிக்கும்போது 'ஐல் கெட் இட்' என்றால் நான் போய்க் கதவைத் திறக்கிறேன். தொலைபேசி அடித்தால் நான் எடுக்கிறேன். ஓட்டலில் பில் வந்ததும் 'ஐல் கெட் திஸ்' என்றால் காசு நான் கொடுக்கிறேன். இதே சொற்றொடரில் காலத்தை மாற்றி 'ஐ கெட் இட்' என்றால், நீங்கள் சொல்வது புரிகிறது.

புரிதல் என்ற பொருளில் வரும்போது 'கெட்டிங்' போடாதீர்கள். 'ஐ ஆம் நாட் கெட்டிங் யூ' நம் ஊர் அலுவலகங்களில் தினமும் கேட்கிற வாக்கியம். நமக்குள் ஓடிவிடும், வெளிநாட்டுக்காரரிடம் ஒரு நொடி தயக்கத்தை உண்டாக்கும். சொன்னது காதில் சரியாக விழவில்லை என்றால் 'சாரி, ஐ டிடன்ட் கெட் தட்' என்பதுதான் பாந்தமானது. அவர் மீண்டும் சொல்வார், யார் மேலும் பழி இல்லை. கருத்தே பிடிபடவில்லை என்றால் 'ஐ டோன்ட் கெட் இட்'. தொலைபேசியில் குரல் விட்டு விட்டு வந்தால் அதற்கு வேறு சொல் இருக்கிறது: 'யூ ஆர் பிரேக்கிங் அப்'.

'கெட்டிங்' எப்போது சரி? கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கும் எதற்கும் சரி. இருட்டிக்கொண்டு வருகிறது, 'இட்ஸ் கெட்டிங் டார்க்'. எனக்கு வயசாகிறது, 'ஐம் கெட்டிங் ஓல்ட்'. மாதாமாதம் வாடிக்கையாக வருவதற்குப் பொருந்தாது. 'ஐ ஆம் கெட்டிங் 30,000 சாலரி' என்பதை 'ஐ கெட் 30,000 எ மன்த்' என்று மாற்ற வேண்டும். 'ஐ ஆம் கெட்டிங் எ டவுட்' வேண்டாம். 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' போதும். இன்னொன்று, 'ஐம் கெட்டிங் எ நியூ ஃபோன்' என்றால் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பதில்லை. வாங்கப் போகிறேன், முடிவு செய்தாகிவிட்டது என்று பொருள்.

ஆவது, போவது, திரும்புவது

பெயரடை வந்தால் 'ஆகு'. கெட் வெட், கெட் கோல்ட், கெட் ஹங்ரி, கெட் போர்ட், கெட் ரெடி, கெட் வர்ஸ். நனைவது, ஆறிப்போவது, பசிப்பது, சலிப்பது, தயாராவது, மோசமாவது. 'கெட் வெல் சூன்' என்பதில் 'வெல்' உடல்நலத்தைக் குறிக்கிற பெயரடை.

இங்கே 'பிகம்' வினையோடு ஒரு குழப்பம் உண்டு. பெயரடைக்கு முன்னால் இரண்டும் வரும். 'பிகம்' கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவே. பெயர்ச்சொல் வந்தால் கதை வேறு. "அவன் டாக்டர் ஆனான்" என்பதற்கு 'ஹி பிகேம் எ டாக்டர்' மட்டுமே. 'ஹி காட் எ டாக்டர்' என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை, ஓடிப்போய் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தான் என்று ஆகிவிடும்.

கெட்டுப்போவது, இழப்பது ஆகியவற்றில் ஆங்கிலம் 'கோ'வைத்தான் விரும்பும். பால் கெட்டுவிட்டது, 'த மில்க் ஹாஸ் கான் பேட்'. தலை வழுக்கையாவது 'கோ பால்ட்', பார்வை போவது 'கோ பிளைண்ட்', காது செவிடாவது 'கோ டெஃப்'. நிறம் மாறுவதற்கு 'டர்ன்' வரும், 'கோ'வும் வரும். வயது ஒரு எண்ணைத் தொடுவதற்கு 'டர்ன்' வசதி: 'ஷி டர்ன்ட் 60'.

'கெட் லாஸ்ட்' என்பதை நாம் சினிமா வசனமாகவே தெரிந்து வைத்திருக்கிறோம். "தொலைந்து போ" என்ற வசவு அது உண்மைதான். ஆனால் 'வி காட் லாஸ்ட்' சாதாரண வாக்கியம். வழி தப்பிவிட்டோம் என்று பொருள். சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

போய்ச் சேர்வதும் ஏறி இறங்குவதும்

இடத்துக்கு முன்னால் 'டு' வேண்டும்: 'கெட் டு த ஸ்டேஷன்'. ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் 'டு' வேண்டாம். 'ஐ காட் டு ஹோம்' தவறு, 'ஐ காட் ஹோம்' சரி. 'ரீச்' வினைக்கு எந்த இடத்திலும் 'டு' கிடையாது. இவை இரண்டையும் குழப்பி 'ரீச்ட் டு ஆஃபீஸ்' என்பவர்கள் நிறைய.

ஊர் தெரியாத இடத்தில் வழி கேட்க 'ஹவ் டு ஐ கெட் டு த ஸ்டேஷன்?' என்ற ஒரு வாக்கியம் கைவசம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். 'ஹவ் டு கெட் டு ஸ்டேஷன்?' என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். ஆனால் அது கேள்வியே அல்ல, கட்டுரைத் தலைப்பு. 'டு ஐ' என்ற இரண்டு சின்னச் சொற்கள்தான் அதைக் கேள்வியாக்குகின்றன.

வண்டிகளில் எதற்கு 'ஆன்', எதற்கு 'இன்' என்பதற்கு எளிய சோதனை உண்டு. உள்ளே நிமிர்ந்து நிற்கவோ நடக்கவோ முடிந்தால், அல்லது காலை இருபுறமும் போட்டு உட்காருவதென்றால், ஏற 'கெட் ஆன்', இறங்க 'கெட் ஆஃப்'. பஸ், ரயில், விமானம், கப்பல், சைக்கிள், குதிரை எல்லாம் இந்தக் கணக்கு. குனிந்து நுழைந்து உட்கார வேண்டியதென்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. கார், ஆட்டோ, டாக்சி, சின்னப் படகு. லிஃப்டில் நிற்கத்தான் செய்கிறோம், ஆனாலும் அதற்குப் பெரும்பாலும் 'இன்', 'அவுட்'. அது வண்டியாக அல்லாமல் ஒரு அறையாகப் பார்க்கப்படுகிறது போலும்.

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு நாம் சொல்லும் 'கெட் டவுன்' இந்தியாவிலும் இலங்கையிலும் செல்லும். லண்டனிலோ நியூயார்க்கிலோ 'ஐ ஹாவ் டு கெட் டவுன் ஹியர்' என்றால் ஓட்டுநர் விழிப்பார். அங்கே 'கெட் டவுன்' என்பது மரத்திலிருந்தோ மதில்மேலிருந்தோ இறங்குவதற்கு, அல்லது ஆபத்து வரும்போது "குனி, படு" என்று கத்துவதற்கு. அமெரிக்கக் கொச்சையில் உற்சாகமாக ஆட்டம் போடுவதற்கும் அதே சொல். 'திஸ் இஸ் மை ஸ்டாப்' என்றால் எந்த ஊரிலும் பிரச்சினையில்லை.

'கெட் அப்' என்பது எழுந்திருப்பது, 'வேக் அப்' என்பது விழிப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் போகலாம். இந்த 'கெட் அப்'தான் பெயர்ச்சொல்லாகித் தமிழ் சினிமாவுக்குள் 'கெட்டப்' என்று வந்தது. ஆங்கிலத்தில் ஒருவருடைய உடையை 'கெட்-அப்' என்றால் அதில் லேசான கிண்டல் இருக்கும். "என்ன கோலம் இது" என்கிற மாதிரி. நம் ஊரில் புது கெட்டப் என்றால் கைதட்டல். ஆங்கிலத்தில் யாரையும் பாராட்ட அந்தச் சொல்லை எடுக்க வேண்டாம்.

நேர்வது: அதிகம் தப்பு நடக்கும் இடம்

மூன்றாம் வடிவத்தோடு சேரும்போது 'கெட்' ஒருவகைச் செயப்பாட்டு வினையை உண்டாக்குகிறது. பிடிபட்டான், 'ஹி காட் காட்'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முதலாவது குறுகிய உயிர், இரண்டாவது நீண்டது. அடிபட்டான், 'ஹி காட் ஹர்ட்'. மாட்டிக்கொண்டோம், 'வி காட் ஸ்டக்'. திட்டு வாங்கினான், 'ஹி காட் ஸ்கோல்டட்'. வேலை போனது, 'ஹி காட் ஃபயர்ட்'. நம் 'படு', 'கொள்', 'வாங்கு' ஆகிய துணைவினைகளின் வாடை அப்படியே இதில் இருக்கிறது. எதிர்பாராமல், அல்லது பாடுபட்டு, ஒன்று ஆளின் தலையில் விழுந்தது என்ற உணர்வு. அதனால்தான் விபத்து, தண்டனை, பதவி உயர்வு, சம்பளம் போன்றவற்றில் இது அதிகம் வரும்.

அந்த உணர்வு தேவையில்லாத இடத்தில் 'வாஸ்' போதும். பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது என்பதற்கு 'வாஸ் ஓபன்ட்'. அங்கே 'காட் ஓபன்ட்' போட்டால் பாலம் தற்செயலாகத் திறந்துகொண்டது போல் ஒலிக்கும். தெரிந்திருத்தல், சொந்தமாயிருத்தல் போன்ற நிலைகளைச் சொல்லும் நோ, ஓன் போன்ற வினைகளோடும் 'கெட்' இப்படிச் சேராது.

தப்புகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். முதல் கூட்டம், 'கெட்' முழுவினை, 'இஸ்', 'வாஸ்' போலத் துணைக்கு நிற்கும் வினை அல்ல என்பதை மறப்பது. அது முழுவினை என்பதால் கேள்விக்கும் எதிர்மறைக்கும் 'டு, டஸ், டிட்' வேண்டும். 'ஆர் யூ காட் செலக்டட்?' தவறு, 'டிட் யூ கெட் செலக்டட்?' சரி. 'ஐ வாஸ் காட் செலக்டட்' தவறு. 'ஐ வாஸ் செலக்டட்' அல்லது 'ஐ காட் செலக்டட்', இரண்டில் ஒன்று.

இரண்டாவது, 'ஐ டிடன்ட் காட்'. இறந்த காலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது, 'கெட்' இறந்த காலத்துக்குப் போகத் தேவையில்லை. விதி எல்லோருக்கும் தெரியும்; வேகமாகப் பேசும்போது நாக்கு தானாக 'காட்'டுக்குப் போய்விடும். 'டிடன்ட் கெட்' என்பதைப் பிரிக்காமல் ஒரே சொல்லாக வாய்க்குப் பழக்குவதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

மூன்றாவது கூட்டம்தான் படித்தவர்களிடமும் தங்கிவிடுவது. 'ஐ காட் பாஸ்ட்', 'ஹி காட் ஃபெயில்ட்', 'மை பாஸ்போர்ட் காட் எக்ஸ்பயர்ட்', 'த ஃபைல் காட் டிஸ்அப்பியர்ட்'. தமிழில் "பாஸ் ஆயிட்டேன்", "எக்ஸ்பயர் ஆயிடுச்சு" என்று எல்லா ஆங்கில வினைக்கும் ஒரு 'ஆகு' ஒட்டுகிறோம். அந்த 'ஆகு'வை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டு போகும்போது 'காட்' ஆகிவிடுகிறது. இந்த இடத்தில் 'பாஸ்', 'ஃபெயில்', 'எக்ஸ்பயர்', 'டிஸ்அப்பியர்' தாமாக நடப்பவை. செய்தவர் யாரும் பின்னால் இல்லை. 'ஐ பாஸ்ட்', 'இட் எக்ஸ்பயர்ட்', 'இட் டிஸ்அப்பியர்ட்' என்று வெறுமனே நிறுத்த வேண்டும். சோதனை இது: பின்னால் யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒன்று அதைச் செய்தது என்று சொல்ல முடியுமா? தேர்வுக் குழு தேர்ந்தெடுத்தது, எனவே 'காட் செலக்டட்' செல்லும். பாஸ்போர்ட்டை யாரும் காலாவதியாக்கவில்லை, தேதி போனது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு ஒரு குறிப்பு. 'காட் மேரிட் வித்' அல்ல, 'காட் மேரிட் டு'. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்க 'ஆர் யூ மேரிட்?'. எப்போது ஆனது என்று கேட்க 'வென் டிட் யூ கெட் மேரிட்?'.

செய்விப்பது

"வீடு கட்டினேன்" என்று தமிழில் சொன்னால் யாரும் நம்மைக் கொத்தனார் என்று நினைக்க மாட்டார்கள். "பல் பிடுங்கினேன்" என்றால் குறடு டாக்டர் கையில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் இதில் கறார். 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில். சலூனுக்குப் போயிருந்தால் 'ஐ காட் மை ஹேர் கட்'. 'ஐ ரிப்பேர்ட் மை ஃபோன்' என்றால் திருப்புளியோடு உட்கார்ந்தவர் நீங்கள். கடையில் கொடுத்திருந்தால் 'ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்'.

வரிசை முக்கியம்: கெட், பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம். 'ஐ காட் ரிப்பேர்ட் மை ஃபோன்' என்று பொருளைக் கடைசியில் தள்ளினால் வாக்கியம் உடைந்துவிடும். 'கெட் யுவர் பிளட் டெஸ்டட்', 'கெட் த சர்டிஃபிகேட் அட்டெஸ்டட்', 'கெட் தி ஏசி சர்வீஸ்ட்' எல்லாம் இதே அச்சு. 'கெட்' இருக்கும் இடத்தில் 'ஹாவ்' போட்டாலும் பொருள் அதேதான், கொஞ்சம் மரியாதையான தொனி வரும். ஆனால் 'ஹாவ்' போடும்போது வரிசை பிசகினால் பொருளே மாறிவிடும்: 'ஐ ஹாவ் கட் மை ஹேர்' என்றால் நானே வெட்டியிருக்கிறேன்.

ஆளைச் செய்ய வைப்பதற்கு மூன்று வினைகள் போட்டி போடுகின்றன. 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் பேசி, கெஞ்சி, சம்மதிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினேன். 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் வேறு வழியில்லாமல் போடவைத்தேன். 'ஐ ஹாட் ஹிம் சைன்' என்றால் அது அவருடைய வேலை, சொன்னேன், போட்டார். 'டு' இதில் 'கெட்'டுக்கு மட்டும்தான். 'மேட் மீ டு வெயிட்' தவறு, 'மேட் மீ வெயிட்' சரி. செயப்பாட்டில் திருப்பினால் மட்டும் 'டு' திரும்பி வரும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'.

மனிதர்தான் என்றில்லை, அடம்பிடிக்கும் எதையும் இப்படிச் சொல்லலாம். வண்டி கிளம்ப மாட்டேனென்கிறது, 'ஐ கான்ட் கெட் த கார் டு ஸ்டார்ட்'.

ஆளில்லாமல் 'கெட் டு' நேராக வினையோடு சேர்ந்தால் வாய்ப்புக் கிடைப்பது. 'ஐ காட் டு மீட் ஹிம்' என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இலங்கைத் தமிழில் "சந்திக்கக் கிடைத்தது", "பார்க்கக் கிடைக்கேல்லை" என்பார்கள். அதுதான் அச்சு அசலாக இது. ஆனால் 'ஐவ் காட் டு கோ' என்பது வேறு: போயே ஆக வேண்டும். பேச்சில் அதுவே 'காட்டா' என்று சுருங்கும். நடுவே 'வ்' ஒலி இருக்கிறதா என்று காது கூர்ந்தால் பாதி விடை கிடைக்கும். மீதியை இடம் சொல்லும்.

காட், காட்டன், ஹாவ் காட்

இந்த வினை ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கல்ல. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'டேக்', 'தே', 'எக்', 'ஸ்கை' எல்லாம் அதே வழியாக வந்தவை. பழைய ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து பிறந்த ஒட்டுச் சொற்கள் முன்பே இருந்தன. 'ஃபர்கெட்' அதில் ஒன்று: 'கெட்' பிடிப்பது என்றால், 'ஃபர்கெட்' பிடி நழுவுவது.

'ஃபர்காட்டன்' என்று சொல்கிறோமே, அதுபோல 'காட்டன்' என்ற வடிவமும் பழையதுதான். பிரிட்டனில் அது வழக்கொழிந்து மூன்றாம் வடிவமும் 'காட்' ஆனது. அமெரிக்காவில் தங்கிவிட்டது. அமெரிக்கர் பேச்சில் 'ஐவ் காட்டன் எ கார்' என்றால் வாங்கிவிட்டேன், 'ஐவ் காட் எ கார்' என்றால் என்னிடம் இருக்கிறது. இரண்டும் இருப்பதால் அவர்களுக்கு வசதி. எந்தப் பாணியில் எழுதுகிறீர்களோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

'ஐவ் காட் டூ சிஸ்டர்ஸ்' என்பது பார்வைக்கு நடந்து முடிந்ததைச் சொல்வது போல இருந்தாலும் நிகழ்காலமே. எனக்கு இரண்டு அக்கா தங்கைகள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். 'ஐ ஆம் ஹாவிங் டூ சிஸ்டர்ஸ்' என்பதற்கு மாற்றாக இதைப் பழகலாம். இறந்த காலத்தில் 'காட்' கழன்றுவிடும்: 'ஐ ஹாட் டூ டாக்ஸ்'.

ஒட்டுச் சொற்களில் சில

'கெட்'டோடு சேரும் ஒட்டுகளின் பட்டியல் பெரிது. முழுவதையும் இங்கே கொட்டினால் யாருக்கும் நிற்காது. வேலைக்கு ஆகிற சிலதை மட்டும் சொல்கிறேன். 'கெட் ஓவர்' துக்கத்திலிருந்தோ காய்ச்சலிலிருந்தோ மீள்வது. 'கெட் பை' இருப்பதை வைத்துச் சமாளிப்பது. 'கெட் அலாங்' ஒத்துப்போவது. 'கெட் அவே வித்' தப்பு செய்துவிட்டுத் தண்டனையில்லாமல் நழுவுவது. 'வாட் ஆர் யூ கெட்டிங் அட்?' என்றால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வா. எரிச்சல் கலந்தது, மேலதிகாரியிடம் வேண்டாம். 'கெட் ரவுண்ட் டு' தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை ஒருவழியாகச் செய்வது, அமெரிக்காவில் 'கெட் அரவுண்ட் டு'.

'கெட் யூஸ்ட் டு' மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும். பழகிப்போவது என்ற பொருள். பின்னால் வினை வந்தால் 'இங்' கட்டாயம்: 'ஐ காட் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்'. 'காட்' இல்லாமல் 'ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்' என்றால், முன்பு ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. ஒரு சொல் விடுபட்டால் பொருள் தலைகீழ்.

எழுத்தில் எவ்வளவு வரலாம்

பேச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் புழங்கலாம். விண்ணப்பம், ஆய்வுக்கட்டுரை, தேர்வுக் கட்டுரை போன்றவற்றில் குறைத்துக்கொள்வது நல்லது. ரிசீவ், அப்டெயின், பிகம், அரைவ் என்று இடத்துக்கேற்ற வினையைப் போடுங்கள். அதற்காக நண்பருக்கு அனுப்பும் செய்தியில் 'ஐ ஹாவ் அப்டெயின்ட் த டிக்கெட்ஸ்' என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

அலுவலக மின்னஞ்சல் இரண்டுக்கும் நடுவில். 'ஐல் கெட் பேக் டு யூ பை ஃப்ரைடே' எல்லா மட்டத்திலும் செல்லும். தேதியைச் சேர்ப்பது முக்கியம், இல்லையென்றால் அது தட்டிக்கழிக்கிற வாக்கியமாகப் படிக்கப்படும். 'ப்ளீஸ் கெட் இட் டன்' மேலிருந்து கீழே போகிற கட்டளை. 'ப்ளீஸ்' போட்டும் அது குறைவதில்லை. சமமானவருக்கோ மேலே இருப்பவருக்கோ எழுதும்போது 'குட் வி கெட் திஸ் டன் பை ஃப்ரைடே?' என்று 'வி' போட்டுக் கேள்வியாக்கிவிடலாம். மின்னஞ்சல் வரவில்லை என்று சொல்ல 'ஐ டிடன்ட் கெட் யுவர் மெயில்' தவறில்லை. வாடிக்கையாளருக்கு என்றால் 'ஐ ஹாவன்ட் ரிசீவ்ட் யுவர் மெயில் யெட்' என்று எழுதுங்கள். அந்த 'யெட்' இருந்தால், அனுப்பவில்லையே என்ற குற்றச்சாட்டு இல்லாமல், இனிமேல் வரும் என்று காத்திருக்கும் தொனி கிடைக்கும்.